டிராக்டர் கரும்புகையைக் குறைக்க முழு வழிகாட்டி: காற்றில் தொடங்குங்கள், பம்பைக் கடைசியில் தொடுங்கள்

டிராக்டர் புகைகிறது என்றவுடன் நம்மூரில் பலரும் செய்வது வண்டியை நேராக டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்கு ஓட்டுவதுதான். அங்கே டீசல் அளவைக் குறைத்து வைப்பார்கள், புகை நின்றுவிடும். மறுநாள் கொத்துக் கலப்பையை இறக்கினால் வண்டி இழுக்காது. திரும்பப் போய் டீசலைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள், புகையும் கூடவே திரும்பி வரும். இரண்டு தடவை கூலி கொடுத்தும் புகை ஏன் வந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பல வண்டிகளில் காரணம் ஏர் கிளீனரில்தான் உட்கார்ந்திருக்கும்.

அதனால் இதில் வரிசைதான் முக்கியம். செலவே இல்லாத வேலையில் தொடங்கி, செலவு கூடிய வேலைக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே நாளில் ஃபில்டர், நாசில் (டீசலைப் பீச்சும் முனை), டேப்பட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) எல்லாவற்றையும் செய்துவிட்டால் எது புகையைக் குறைத்தது என்று தெரியாது, அடுத்த வருடம் மறுபடி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு செய்வீர்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் 50 குதிரைத்திறனுக்குக் கீழே உள்ள, சாதாரண மெக்கானிக்கல் பம்ப் வைத்த டிராக்டர்களுக்கு. பவர் டில்லருக்கும் பழைய அறுவடை இயந்திரத்துக்கும் இதே வரிசை பொருந்தும். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளுக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறேன், அந்த வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் 10ஆம் பகுதியைப் படித்துவிட்டு வரவும்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் வண்டியோடு கொடுத்த கையேடு. தொலைந்துபோயிருந்தால் டீலரிடம் கேட்டு வாங்குங்கள். டேப்பட் இடைவெளி, டயர் காற்று, ஏர் கிளீனர் ஆயில் அளவு எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். பக்கத்து வீட்டு வண்டியின் அளவை வைத்து உங்கள் வண்டியில் வேலை பார்க்க முடியாது.

அப்புறம் ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டயர் காற்று பார்க்கும் கேஜ், டார்ச், நூல் பிரியாத சுத்தமான துணி, கண்ணுக்குக் கண்ணாடி, ஒரு நோட்டு. நாசில் கழற்றும் எண்ணம் இருந்தால் புது செம்பு வாஷர்களை முன்னாடியே வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாசிலைக் கழற்றிய பிறகுதான் கடை மூடியிருப்பது ஞாபகம் வரும், உடனே பழைய வாஷரையே திரும்பப் போடத் தோன்றும்.

இன்ஜினை ஓட விட்டுப் பார்க்கும் வேலை எதையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. வண்டியை வெளியே நிறுத்துங்கள், புகை உங்கள் மேல் வராதபடி காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

2. புகையின் நிறம் பாருங்கள்

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சுமையோடு ஓடும்போது பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் புகையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

கரும்புகை என்றால் உள்ளே போன டீசல் முழுதாக எரியவில்லை. காற்று குறைந்திருக்கலாம், டீசல் கூடியிருக்கலாம், நாசில் சரியாகப் பீச்சாமல் இருக்கலாம், அல்லது இன்ஜினால் தாங்க முடியாத சுமையைக் கொடுக்கிறீர்கள். ஆக்சிலேட்டரைத் திடீரென்று கூட்டும்போது ஒரு நொடி கறுத்து உடனே தெளிந்தால் பழைய வண்டிக்கு அது சாதாரணம். உழவு முழுக்கக் கறுப்பாகவே போனால்தான் கோளாறு.

நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதால் வருவது. இதைப் பார்த்ததும் போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, இன்ஜின் வேலை வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆயில் அளவு டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) அடைத்திருக்கிறதா, ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் அதிகமாக ஊற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தும் நீலம் நிற்கவில்லை என்றால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்து காற்று புஸ் புஸ் என்று விடாமல் அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு நல்ல மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்த்துவிட்டுத்தான் மற்ற செலவு எல்லாம்.

வெள்ளைப்புகை எரியாமல் ஆவியாக வரும் டீசல், அல்லது தண்ணீர். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் குறையாமல் வெள்ளை மட்டும் வந்தால் பம்ப் டைமிங் (டீசல் பீச்சும் நேரம்), நாசில், அல்லது இன்ஜின் சூடே ஏறாமல் ஓடுவது என பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

3. இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. எதையும் தொடுவதற்கு முன் ஒரே வயலில், ஒரே கியரில், ஒரே கலப்பையை ஒரே ஆழத்தில் இறக்கி, சைலன்சர் முனையை வானம் பின்னணியில் தெரியும்படி ஃபோனில் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். காசு கொடுத்து ஒரு வேலை செய்த பிறகு புகை குறைந்த மாதிரியே நம் கண்ணுக்குத் தெரியும், வீடியோவை அப்படி ஏமாற்ற முடியாது.

டீசல் கணக்கும் வேண்டும். சமமான தரையில் நிறுத்தி டேங்கை வாய் வரை நிரப்புங்கள். ஒரு ஏக்கர் ஓட்டிவிட்டு அதே இடத்துக்கு வந்து, அதே மட்டத்துக்கு எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். மணிக்கணக்கை விட ஏக்கர் கணக்கு நல்லது. பழைய வண்டிகளின் ஹவர் மீட்டர் இன்ஜின் சுற்றை வைத்து ஓடுவது, ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனாலும் மீட்டரில் ஒரு மணி ஆகியிருக்காது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது, அதனால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் குறைத்தீர்களோ அந்தக் கணக்கும் தானாகக் குறையும்.

4. காற்று வழி

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மஹிந்திரா 575, ஸ்வராஜ் 735 மாதிரி வண்டிகளில் ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர் இருக்கும். புது வண்டிகள் பலவற்றில் பேப்பர் ஃபில்டர். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு.

ஆயில் கிண்ணம் இருந்தால்: வறண்ட நிலத்தில் ரொட்டவேட்டர் ஓட்டும் காலத்தில் தினமும் கழற்றிப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் சேறு மாதிரி படிந்திருந்தால் ஆயிலைக் கொட்டி, டீசலில் கழுவி, துடைத்துக் காய விட்டு, உள்ளே போட்டிருக்கும் கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசி நனையாமல் நேராக இன்ஜினுக்குள் போகும், கோட்டுக்கு மேலே இருந்தால் இன்ஜின் அந்தக் கிண்ணத்து ஆயிலையே உறிஞ்சும். அப்படி உறிஞ்சினால் நீலப்புகை வரும், நிலைமை மோசமானால் இன்ஜின் அந்த ஆயிலிலேயே தறிகெட்டு ஓடத் தொடங்கும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது.

இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை இந்தக் கிண்ணத்தில் ஊற்றுவது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். வேண்டாம். ஏற்கெனவே கரியும் அழுக்கும் ஏறிப்போன ஆயில் தூசியைப் பிடிப்பது குறைவு. மேலே இருக்கும் கம்பி வலையையும் மறக்காதீர்கள், கிண்ணத்தை மட்டும் பளபளவென்று கழுவிவிட்டு வலையை வருடக்கணக்கில் தொடாதவர்கள் நிறையப் பேர்.

பேப்பர் ஃபில்டர் இருந்தால்: டயரில் தட்டித் தூசி உதறாதீர்கள். காகித மடிப்பு நசுங்கும், ஓரத்து ரப்பர் பிரியும், அப்புறம் தூசி அந்த இடைவெளி வழியாகச் சுலபமாகப் போகும். உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடியுங்கள், அதுவும் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தில் அல்ல, குறைத்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து. முடிந்ததும் உள்ளே டார்ச் வைத்து வெளியே பாருங்கள். எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடாது, காலம் வந்ததும் மாற்ற வேண்டியதுதான். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு மாட்டுவதும் நடக்கிறது, அதை விட அன்றைக்கு அழுக்கு ஃபில்டரோடு ஓட்டுவதே மேல்.

அடுத்து, ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ஃபில்டருக்குப் பிறகு எங்கேயோ ஓட்டை இருக்கிறது. கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கழற்றி வளைத்துப் பாருங்கள். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) வைத்த வண்டியில் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலான ஹோஸ் கசிந்தாலும் கரும்புகை வரும், கூடவே சுமையில் ஒரு விசில் சத்தமும் கேட்கும்.

புகை வெளியே போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். பல மாதம் நின்ற வண்டியின் சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருப்பதும், எலி வைக்கோலை அடைத்து வைத்திருப்பதும் அபூர்வம் இல்லை.

இங்கே நிறுத்தி மறுபடி வீடியோ எடுங்கள். கணிசமான வண்டிகளுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

5. டீசல் வழி

டீசல் நல்லதா என்று பார்ப்பதற்கு முன் அது எப்படி வண்டிக்கு வருகிறது என்று பாருங்கள். பங்கிலிருந்து கேனில் வாங்கி, மூடி சரியில்லாத கேனை மழைத் தூறலில் வரப்பில் வைத்து, மண் ஒட்டிய புனலில் ஊற்றினால் எந்த ஃபில்டரும் தாங்காது. கேனை ஒரு ராத்திரி அசையாமல் வைத்துவிட்டு, மேலாக ஊற்றி, அடியில் இரண்டு விரல்கட்டை அளவை விட்டுவிடுங்கள். தண்ணீரும் மண்ணும் அங்கேதான் தங்கும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்புங்கள், காலையில் அல்ல. காலி டேங்கில் ராத்திரி குளிர்ந்த காற்றிலிருந்து நீர் துளித்து டீசலோடு சேரும். டேங்கின் அடியிலும் ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலும் இருக்கும் வடிகால் திருகைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கொஞ்சம் திறந்து தண்ணீரை இறக்குங்கள். தண்ணீர் நாசில் முனையைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஏறிய நாசில் சொட்டுச் சொட்டாக விடும், சொட்டும் டீசல் எரியாமல் கரியாகும்.

டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வரிசை: முதலில் ஃபில்டர் மேலே உள்ள திருகு, பிறகு பம்பில் உள்ள திருகு, அதிலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கடைசியாக நாசில் குழாய் நட்டு. டீசல் ஓடும் திசையிலேயே போனால் காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியேறும். நடுவில் தொடங்கினால் பின்னால் இருக்கும் காற்று மறுபடி வந்து சேரும், கைப்பம்பை அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம்.

மண்ணெண்ணெய் கலப்பது, வடித்த இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து எரித்துத் தீர்ப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலாவது பம்புக்கு வேண்டிய வழவழப்பைக் குறைக்கும், இரண்டாவது நாசில் முனையில் கரி கட்டும். 2020 ஏப்ரலிலிருந்து பங்கில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அந்தச் சுத்தத்தை நாமே கெடுக்க வேண்டாம். கடையில் விற்கும் புகை குறைப்பான் பாட்டில்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு ஃபில்டர் வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

6. இன்ஜின் சூடு

வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் நாள் முழுக்கக் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பட்ட டீசல் எரியாமல் பாதி புகையாக வெளியே போகும், பாதி கீழே வழிந்து இன்ஜின் ஆயிலை நீர்க்க வைக்கும். உங்கள் வண்டியில் சூடு காட்டும் முள் மணிக்கணக்கில் உழுதும் நடுவுக்கு வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

சூடு ஏறுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் அடைத்த தூசியும் உமியும். ஃபேன் காற்றை முன்னாலிருந்து இன்ஜின் பக்கம் இழுக்கிறது, அதனால் சுத்தம் செய்யும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அடைப்பு இன்னும் உள்ளே இறுகும். அறுவடை இயந்திரத்தில் இதைத் தினமும் செய்யுங்கள்.

7. டேப்பட்

இடைவெளி கூடினால் வால்வு முழுதாகத் திறக்காது, காற்று குறையும். குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், வால்வு எரியும். இரண்டிலும் முடிவு புகைதான். கையேட்டில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டுமா, சூட்டில் பார்க்க வேண்டுமா என்று போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள். ஃபீலர் கேஜ் இலேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை கேஜை விட்டுப் பாருங்கள்.

8. நாசில்

எந்த சிலிண்டரில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. இன்ஜின் ஐடிலில் (சுமையில்லாமல், குறைந்த வேகத்தில்) ஓடும்போது நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் உடனே தடுமாறும். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லை, அல்லது புகை குறைகிறது என்றால் கோளாறு அங்கேதான். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் வைத்தது) இதைச் செய்யவே கூடாது, அதில் அழுத்தம் 1000 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேலே இருக்கும்.

கழற்றிய நாசிலைக் கடையில் டெஸ்டரில் வைத்துப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். பீச்சல் எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே மாதிரி, பனிப்புகை போல மெல்லியதாக வர வேண்டும். ஒரு துளையில் கோடாக ஓடக் கூடாது, நின்ற பிறகு முனையில் சொட்டு தொங்கக் கூடாது. திறக்கும் அழுத்தம் எல்லா நாசிலுக்கும் ஒன்றாக, கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும், பழைய இன்ஜின்களில் இது 200 பார் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். பீச்சலுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே தசை அழுகி விரலையே எடுக்கும் நிலை வரலாம். அப்படி ஆகிவிட்டால் வலிக்கவில்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடம் செம்பு வாஷர். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பார்க்காமல் அதன்மேல் புதியதைப் போட்டுவிடுவார்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் மேலே தூக்கி நிற்கும், பீச்சல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. புது நாசில் போட்டும் புகை கூடிவிட்டது, கம்பெனி சரக்கே சரியில்லை என்று சொல்பவர்களில் சிலருக்காவது இதுதான் நடந்திருக்கும். டார்ச் அடித்துக் குழியைப் பாருங்கள், பழையதை எடுங்கள், ஒன்றே ஒன்று போடுங்கள்.

9. பம்ப், டைமிங்: கடைசியாக

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கறுப்பு நிற்கவில்லை என்றால்தான் பம்ப். வண்டியிலேயே வைத்துத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய விடாதீர்கள். கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் அளவைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். ரீடிங் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் கொடுக்காத கடையில் பெஞ்ச் ஓடியதா என்றே சந்தேகப்படலாம். வேலை முடிந்ததும் அதிகபட்ச டீசல் திருகுக்கு ஈய சீல் வைக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் டிரைவர் மாறும்போதெல்லாம் அளவும் மாறாது.

பம்பைக் கழற்றும் முன் இன்ஜினிலும் பம்பிலும் அடையாளக் கோடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஃபோட்டோ எடுங்கள். டைமிங் பிந்தினால் வெள்ளையும் சாம்பலும் கலந்த புகை வரும், இழுவை போகும். முந்தினால் புகை குறைந்த மாதிரி தெரியும், ஆனால் இன்ஜின் தட்டும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடும். புகை தெரியவில்லை என்பதற்காக டைமிங்கை முன்னால் தள்ளி வைக்கும் மெக்கானிக் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

10. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது வண்டிகள்

2023 ஜனவரியிலிருந்து இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேலான டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகை மாசு விதி அமலுக்கு வந்தது. இந்த வகை வண்டிகளில் காமன் ரெயில், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர், கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்று பல பாகங்கள் இருக்கும். சில பெரிய இயந்திரங்களில், புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் டெஃப் திரவம் ஊற்றும் தனி டேங்கும் உண்டு.

டிபிஎஃப் கரியைச் சேர்த்து வைத்து, அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரியும்போது இன்ஜினை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும், நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அடைத்து இழுவை போய்விடும், அப்புறம் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டாக வேண்டும். எரியும் நேரத்தில் புகைக்குழாய் கடுமையாகச் சூடேறும், வைக்கோல் குவியல் பக்கத்திலோ காய்ந்த தாளடி மேலோ நிறுத்தாதீர்கள். மணிக்கணக்கில் ஐடிலில் ஓட்டினாலும் டிபிஎஃப் சீக்கிரம் அடைக்கும். இன்ஜின் ஆயில் கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த வகையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது.

டெஃப் என்பது 32.5 சதவீத யூரியா கரைசல் என்று கேள்விப்பட்டவுடன் சிலருக்கு ஒரு யோசனை வரும், வீட்டில்தான் மூட்டை மூட்டையாக யூரியா இருக்கிறதே என்று. செய்யாதீர்கள். பயிருக்குப் போடும் யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, மற்ற கலப்புகளும் இருக்கின்றன, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிஸ்டைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவில் பல வருடத்துக்கு டெஃப் வாங்கலாம். டெஃபுக்கென்று தனிப் புனல் வைத்துக்கொள்ளுங்கள், கேனை வெயிலில் வைக்காதீர்கள். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே நிறுத்தி, டேங்கை முழுதாக இறக்குங்கள்.

ஈஜிஆரை அடைத்துத் தருகிறேன், டிபிஎஃபை எடுத்துவிட்டு சாஃப்ட்வேர் மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள். விதிமீறல் ஒரு பக்கம், வாரண்டியும் போய்விடும்.

11. ஓட்டும் விதம்

இன்ஜின் எவ்வளவு சரியாக இருந்தாலும் தவறாக ஓட்டினால் புகையும். இலேசான வேலைக்குக் கியரைக் கூட்டி ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வேலையின் நடுவே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள். சத்தம் சட்டென்று ஏறினால் நல்லது. ஏறாமல் கறுப்பாகக் கக்கினால் இன்ஜின் திணறுகிறது, ஒரு கியர் குறையுங்கள். ரொட்டவேட்டர் போன்ற பிடிஓ (பின்னால் இருக்கும் சுழல்தண்டு) வேலையில் 540 சுற்று வரும் அளவு மீட்டரில் குறித்திருக்கும், அதற்கு மேலே ஏற்றினால் டீசல்தான் வீணாகப் போகும்.

சக்கரம் வழுக்குவதை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று அளந்து, பிறகு கலப்பையை இறக்கி அளந்து பாருங்கள். தூக்கியபோது 50 மீட்டர், இறக்கியபோது 40 மீட்டர் என்றால் 20 சதவீதம் வழுக்குகிறது. வறண்ட உழவில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் டயர் பட்டை தேய்ந்திருக்கும், அல்லது எடை போதாது. எடை கூட்டுவதென்றால் டயரில் தண்ணீர் பிடிக்கலாம், ஆனால் கரும்பு டிரெய்லர் இழுக்கும் காலத்தில் அந்தத் தண்ணீரை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சாலை முழுக்க வீண் சுமையைச் சுமந்து டீசல் எரிப்பீர்கள்.

டெல்டா பக்கம் சேற்றுழவில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஓட்டும்போது இந்த அளவு பொருந்தாது. அங்கே புகையைக் குறைக்கும் வழி தண்ணீர் கட்டி மண்ணை ஊறவிட்டு இறங்குவதும், தேவைக்கு மேல் சால் ஓட்டாமல் இருப்பதும்தான். இன்னும் ஒரு சால், இன்னும் ஒரு சால் என்று டிரைவரை விரட்டுபவர் பெரும்பாலும் நிலத்துக்காரர்தான்.

கொத்தின் முனையும் ரொட்டவேட்டர் கத்தியும் மழுங்கியிருந்தால் அதே ஆழத்துக்கு இன்ஜின் கூடுதலாக உழைக்கும். 35 குதிரைத்திறன் வண்டிக்குப் பெரிய ரொட்டவேட்டரைப் பூட்டிவிட்டுப் புகையைப் பற்றிக் குறை சொல்வதில் பயன் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஆழ உழவு போட வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுப்பது மலிவாக முடியும்.

டீ குடிக்கும்போது வண்டியை அணையுங்கள். பேட்டரி போய், தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருப்பதால்தான் நிறையப் பேர் அணைப்பதில்லை, ஐடிலில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரியையும் செல்ஃப் மோட்டரையும் சரிசெய்வதும் புகை குறைக்கும் வேலையில் சேர்த்திதான். டர்போ வண்டி என்றால் அணைப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள்.

12. ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பவர்களுக்கு

ஏர் ஃபில்டர், நாசில், டேப்பட் எல்லாம் மேலே சொன்னதுதான். கூடுதலாகக் குழாயைப் பாருங்கள். ஃபுட் வால்வின் (உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) சல்லடையில் பாசி அடைத்திருந்தாலோ, குழாய் சிறிதாக இருந்தாலோ, தேவையில்லாத வளைவுகள் இருந்தாலோ அதே தண்ணீருக்கு இன்ஜின் கூடுதல் நேரம் ஓடும். தொட்டியில் தண்ணீர் ஆள் உயரத்திலிருந்து கொட்டுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த உயரத்துக்குத் தூக்கும் டீசல் வீண். விழும் குழாயைத் தொட்டி விளிம்பு வரைக்கும் தாழ்த்துங்கள். இன்ஜினையும் கிணற்றின் நீர்மட்டத்துக்கு முடிந்த அளவு பக்கத்தில் வையுங்கள், ஆனால் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்து ஓட்டாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும், இறங்கும் ஆளின் உயிருக்கே ஆபத்து.